நஹி அண்ணாச்சியும் பன்னிரண்டு கேமராக்களும்

இந்தத் தீவுகளில் எரிமலை இருக்கிறது. முதலை இருக்கிறது. மனிதன் காலே வைக்கக் கூடாத காடு இருக்கிறது. இவை எதற்கும் பயப்படாத ஆம்பளைகள்கூட நஹி அண்ணாச்சியை எதிரே கண்டால் சட்டென்று செருப்பு அறுந்த மாதிரி குனிந்து, அப்படியே திரும்பி வேறு பாதையில் போய்விடுவார்கள். காரணம் ஒன்றுதான். அண்ணாச்சி கேள்வி கேட்பார். இம்லி டிக்ரியில் அவருக்குத் தெரியாமல் ஒரு முட்டைகூட உடைந்தது கிடையாது. உடைத்தது ஆம்லெட்டுக்கா, குழம்புக்கா என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இம்லி டிக்ரி என்றால் இந்தியில் புளிய மேடு. புளியமரமும் கிடையாது, மேடும் கிடையாது. போர்ட் பிளேரின் சாத்தம் துறையிலிருந்து ஃபெர்ரியில் பாம்பூஃப்ளாட் கடந்து, அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் குலுங்கினால் வரும் சின்ன ஊர். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் எல்லாரும் கலந்து, எல்லாரும் ஆளுக்கொரு இந்தி பேசும் ஊர். தினமும் போர்ட் பிளேர் வீட்டிலிருந்து போய்வந்து, அங்கேதான் நான் பஞ்சாயத்து செகரட்டரியாக இருந்தேன். அண்ணாச்சி நாலாவது வார்டு மெம்பர். சுயேச்சை. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். ஊர்ப் படகுத்துறையான ஜெட்டியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் படகு மோட்டார் ரிப்பேர் பார்ப்பார். அவர் கை மோட்டாரில் இருக்கும், கண் பாதையில் இருக்கும், வாய் யாரிடமாவது இருக்கும்.

“செகரட்டரியம்மா, இன்னைக்கு ஏழரை ஃபெர்ரிய விட்டுட்டியளோ? டிபன்பாக்ஸ் சின்னதா இருக்கு. அவசரத்துல உப்புமாதானே?”

உப்புமாதான்.

கொடியில் காயும் துணியைப் பார்த்தே அவர் ஊர் நிலவரம் சொல்வார். கொட்டகைக்கு எதிர்வீட்டுப் பெங்காலி கோகன் தாதா, அதாவது கோகன் அண்ணன், வீட்டில் ஒருநாள் ஜீன்ஸ் காய்ந்தது. “தாதா மகன் மெயின்லேண்டுலேருந்து வந்துட்டான். ரெண்டு ஜீன்ஸ்தான் காயுது. லீவு கம்மி போல” என்றார். அடுத்த வாரம் அதே கொடியில் ஐந்து சட்டையும் ஒரு போர்வையும் காய்ந்தன. அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். “போர்வையைத் துவைச்சுட்டாவ. பய வேலையை விட்டுட்டான்.” விட்டுத்தான் இருந்தான். அது அவன் அப்பாவுக்கே அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

புதிதாக வந்த சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு அடிதடி விஷயமாக அண்ணாச்சியை விசாரிக்கக் கொட்டகைக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். அதற்குள் அவருக்கு பி.பி. எவ்வளவு, மாமியார் ஏன் ரங்கத் என்ற ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார், எந்த அதிகாரியைப் பிடித்தால் மாற்றல் கிடைக்கும் என்று நம்புகிறார் எல்லாம் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. அடிதடியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க சப் இன்ஸ்பெக்டருக்கு வாய்ப்பு அமையவில்லை. விசாரிக்க வந்தவர் விசாரிக்கப்பட்டுத் திரும்பினார்.

ஆனால் அவரிடம் ஒரு விசேஷ குணம் உண்டு. அதை நான் ஃபெர்ரியில் கண்டுகொண்டேன்.

அப்போது பாம்பூஃப்ளாட் கப்பல் ஆபீசில் வேலை பார்த்த ஒரு மலையாளியோடு நான் சாயங்கால ஃபெர்ரியில் மேல்தட்டில் நின்று பேசிக்கொண்டு வருவது வழக்கம். ஒருநாள் டவுனில் மாற்றி வாங்க வேண்டிய ஸ்பேர் பார்ட்ஸ் பையோடு அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார். நான் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றேன்.

“இவிய யாரும்மா?”

“ஒன்றுவிட்ட அண்ணன்” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆறடி உயரம், சுருட்டை முடி, நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்தார். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு.

“அதான் பாத்தேன். முகச்சாடை அப்படியே இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் “அண்ணன் சௌக்கியமா?” என்று மட்டும் கேட்பார். ஊரில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோது மாப்பிள்ளை பெயரை நிதானமாக வாசித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தில் மேடை ஏறி வந்து என் காதருகே குனிந்தார். “ஒன்றுவிட்ட அண்ணனைக் கட்டக் கூடாதும்பாவ. பரவால்லம்மா, கடல் தாண்டி வந்தாச்சு, யாரு கேக்கப் போறா” என்றார்.

நீங்கள் பொய் சொன்னால் அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்வார். திருப்பிப் போட்டு ஆராய மாட்டார். கேட்பது அவர் சுபாவம், மழுப்புவது உங்கள் உரிமை. அவ்வளவுதான்.

இனி அந்த ‘நஹி’ பட்டத்துக்கு வருகிறேன்.

பஞ்சாயத்தில் தலைவரான பிரதானைச் சேர்த்து ஒன்பது ஓட்டு. பிரதான் ஒரு பெங்காலி அம்மாள். ஊரே அவரை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். தீதியோடு சேர்த்து அவர் கட்சி நாலு. எதிரே காண்ட்ராக்டர் ராவ், அவர் கட்சி நாலு. நடுவில் தனியாக ஒரு நாற்காலியில் அண்ணாச்சி. ஆக எந்தத் தீர்மானமும் அண்ணாச்சி கையில்தான் வந்து நிற்கும். நாள் முழுக்கத் தூத்துக்குடித் தமிழ் பேசும் மனுஷன், தீதி “மஞ்சூர் ஹை?” என்று ஒப்புதல் கேட்டதும் கணீரென்று இந்தியில் “நஹி”, அதாவது கிடையாது, என்பார். பஞ்சாயத்து ஆபீசுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கலாமா? நஹி. “மஞ்சள் அடிச்சா கல்யாண மண்டபம்னு நினைச்சு ஆளு வந்துரும்.” நல்ல மெம்பர் என்று அண்ணாச்சியையே பாராட்டித் தீதி கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது, அவரை வசப்படுத்தத்தான். அதற்கும் நஹி. “என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தைன்னா, நானே எப்படிக் கை தூக்குவேன்? அசிங்கமால்லா இருக்கும்.” அவர் ஓட்டும் ராவ் பக்கம் சேர்ந்ததால் நாலுக்கு ஐந்தில் அவருடைய பாராட்டு தோற்றது.

நல்ல காரியத்துக்கு அவர் கை தூக்கியதும் உண்டு. குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடத்துக் கூரை, ஜெட்டி விளக்கு எல்லாம் அவர் ஓட்டால் வந்தவைதான். ஆனால் ஊருக்கு அது நினைவில் நிற்கவில்லை. நஹிதான் நின்றது.

கேமரா விஷயம் கிளம்பியது படகு மோட்டாரால். டிங்கி என்னும் சின்னப் படகின் பின்னால் மாட்டும் மோட்டார் திருட்டுப் போனால் மீன்காரனுக்குக் கை போன மாதிரி. ஒரே மாதத்தில் இரண்டு போயின. ஊரே கொதித்தது. தீதி உடனே கூட்டம் போட்டார். தீதி பேசியது முழுக்க இந்தி. உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

“பன்னிரண்டு கேமரா! ஜெட்டி, பஜார், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஒவ்வொரு வார்டு முனையும்! இனிமேல் இம்லி டிக்ரியில் ஒரு ஈ பறந்தாலும் தெரியும்!”

“ஈயா மோட்டாரைத் தூக்கிட்டுப் போச்சு?” என்றார் அண்ணாச்சி.

ராவ் எழுந்தார். அன்று காலையில்தான் யாரோ அவருக்கு ‘நிஜதா’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தரங்கம் என்று அர்த்தம். பதினைந்து நிமிஷத்தில் அதை முப்பது தடவையாவது சொன்னார். “மனிதனுக்கு நிஜதா வேண்டாமா? தன் வாசலில் நின்று மூக்கை நோண்டுவதற்குக்கூட ஒருவன் பஞ்சாயத்திடம் பர்மிஷன் வாங்க வேண்டுமா? உயிரே போனாலும் என் கட்சி இதை அனுமதிக்காது!” அவர் கட்சி மூன்று பேரும் கை தட்டினார்கள். ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மூக்கிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு தட்டினார்.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டீசை எடுத்தார். “ராவ்காரு, போன எலெக்ஷனுக்கு நீங்க அடிச்ச நோட்டீசு. மூணாவது வாக்குறுதி, ஊர் பூரா கேமரா.”

ராவ் அசரவில்லை. “அது வேற கேமரா.”

“சரி. தீதி, எனக்கு ஒரு சந்தேகம். கேமராவுல வாரதையெல்லாம் உக்காந்து பாக்கப் போறது யாரு?”

“ஸ்கிரீன் என் ரூமில் இருக்கும். பிரதான் பொறுப்பு.”

“இன்னும் நாலு மாசத்துல எலெக்ஷன். ஒருவேளை தோத்துட்டா ஸ்கிரீனை வீட்டுக்குக் கொண்டு போயிருவீயளோ?”

தீதி சிரித்தார். “அது எப்படி? சர்க்காரி சாமான். புது பிரதான்தான் பார்ப்பார்…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். மெதுவாகத் திரும்பி ராவைப் பார்த்தார். ராவ் அவரைப் பார்க்கவில்லை. தீதியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் ஸ்கிரீன் எந்த உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது என்று அளப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

கேமரா எங்கெங்கே என்று வரைபடம் வேண்டும் என்று அண்ணாச்சி கேட்க, தீதியும் ராவும் ஒரே குரலில் “சரி, சரி, அடுத்த மாதம்” என்றார்கள். அவர்கள் இருவரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னது என் சர்வீஸில் அன்றுதான்.

அந்த மாதத்துக்குள் மூன்றாவது மோட்டார் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வருவதற்குள். போனது அண்ணாச்சியின் சொந்த டிங்கியின் மோட்டார்.

ஊருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. எல்லாம் தெரிந்த மனுஷனுக்கு அவர் வீட்டுச் சாமான் போனது தெரியவில்லையே! அதைவிடப் பயம், அண்ணாச்சி இரண்டு நாள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் வேண்டுமென்றே அவர் எதிரே நடந்தார்கள். கோகன் தாதா ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று தடவை போய்வந்தார். அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அரே, இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை” என்று தாதா என்னிடம் வந்து சொன்னார். கண் கலங்கியிருந்தது. பலாப்பழத்தின் பாரமாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் ராவ் வந்தார். நான் ஏதோ கையெழுத்து வாங்கக் கொட்டகையில் நின்றிருந்தேன்.

“அண்ணாச்சி, இப்பவாவது புரியுதா? கேமரா இருந்தா திருடன் மாட்டியிருப்பான்ல? நீங்க ஒரு கை தூக்குங்க, போதும்.”

“போன மாசம் மூக்கை நோண்டக் கேமரா தடைன்னு சொன்னீய?”

“நிலைமை மாறிடுச்சு அண்ணாச்சி.”

அவர் போன பத்து நிமிஷத்தில் தீதி வந்தார், ஒரு டப்பாவில் மீன் குழம்போடு. “அண்ணாச்சி, மோட்டார் போனதற்காகக் கொள்கையை விட்டுவிடாதீர்கள். மனிதனுக்கு நிஜதா முக்கியம்.”

“போன மாசம் ஈ பறக்குறதைப் பாக்கணும்னு சொன்னீய?”

“ஹாலாத் பதல் கயா” என்றார் தீதி. நிலைமை மாறிவிட்டதாம். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை இரண்டு மொழியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி டப்பாவைத் திறந்து பார்த்தார். “சுரும்பு மீன். கடுகு அரைச்சு விட்டிருக்காவ” என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆள் திரும்பி வந்துவிட்டார்.

வீட்டில்தான் நிலைமை வேறு. அவர் மனைவி ஜெசிந்தா அக்கா ஜெட்டியில் கருவாடு விற்பவர். அண்ணாச்சியை எதிர்த்துப் பேசி ஜெயிக்கும் ஒரே ஆள். கூட்டத்தன்று காலையில் ஊர் கேட்கச் சொன்னார்: “மோட்டார் இல்லாம நாம துடுப்புப் போட்டுக் கெடக்கோம். இன்னைக்கும் அந்த நஹி வாயில வந்துச்சுன்னா வீட்டுல மீன் கெடையாது, பாத்துக்கிடும்!”

கூட்டத்துக்கு இடமே இல்லை. ஜன்னல் முழுக்க மனிதத் தலை. ஜெசிந்தா அக்கா வராந்தா பெஞ்சில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ராவ் எழுந்தார். “பன்னிரண்டு கேமரா! ஒவ்வொரு வார்டு முனையும்!” என்று ஆரம்பித்தார். தீதி எழுந்து நிஜதா என்றார், மூக்கு உட்பட. நான் சொல்வதில் துளியும் மிகை இல்லை: கூட்டக் குறிப்பான மினிட்ஸுக்கு நான் புதிதாக ஒன்றும் எழுதவேயில்லை. போன மாத மினிட்ஸை எடுத்து, தீதி பெயர் இருந்த இடத்தில் ராவ், ராவ் பெயர் இருந்த இடத்தில் தீதி என்று மாற்றினேன். அப்படியே பொருந்தியது. இரண்டு பேரும் படித்துப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்தும் போட்டார்கள்.

ஓட்டெடுப்பு. ஆதரவாக ராவ் பக்கம் நாலு கை. எதிராகத் தீதி பக்கம் நாலு கை. எல்லாத் தலையும் அண்ணாச்சி பக்கம் திரும்பியது. மோட்டார் பறிகொடுத்த மற்ற இரண்டு மீன்காரர்களும் ஜன்னலில் நின்றார்கள். அவர்களில் ஒருவர், “அண்ணாச்சி, நம்ம மோட்டாரை நெனைச்சுப் பாருங்க” என்றார். கெஞ்சும் குரல்.

அண்ணாச்சி எழுந்தார். எனக்குத் தெரிந்து எந்தக் கூட்டத்திலும் அவர் எழுந்து நின்று பேசியதில்லை.

“நான் கேள்வி கேக்குற ஆளு. ஒத்துக்கிடுதேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரைத்தான் பாக்கேன். ஆனா நான் ஒருத்தனைப் பாக்கும்போது அவனும் என்னைப் பாக்கான்லா? பிடிக்கலைன்னா ‘உம்ம சோலியப் பாரும்’ங்கான். பொய் சொல்லுதான். நானும் சரின்னு வந்துருதேன். அந்தப் பெட்டிகிட்ட போய் ‘உன் சோலியப் பாரு’ன்னு யாரு சொல்லுவா? அதுக்கு சோலியே அதுதான்.”

ஜன்னலில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

“எனக்கு மறதி உண்டு. நேத்து யாரு யாரோட சண்டை போட்டான்னு இன்னைக்கு கேட்டா பாதி ஞாபகம் இருக்காது. அதனாலதான் நாம ஒரே ஊருல ஒண்ணா இருக்கோம். அதுக்கு மறதி கெடையாது. அதைவிட, பாக்குறது யாருன்னு நமக்குத் தெரியாது. போன மாசம் தீதி பாக்கக் கூடாதுன்னு ராவ் சொன்னாரு. இப்ப ராவ் பாக்கக் கூடாதுன்னு தீதி சொல்லுதாவ. யாருமே பாக்கக் கூடாதுன்னு இவிய ரெண்டு பேருல ஒருத்தரும் சொல்லலை.”

“உங்க மோட்டாரே போச்சே அண்ணாச்சி!” என்று ராவ் கத்தினார்.

“போனது என் மோட்டாரு. இது வந்தா எல்லாருக்கும்லா போகும்.”

“என்ன போகும்?”

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“அதை எனக்குச் சொல்லத் தெரியலை” என்றார். “ஆனா போகும். நஹி.”

தீதி பக்கம் பலத்த கைதட்டல். அண்ணாச்சி அவர்கள் பக்கம் திரும்பினார். “தட்டாதீய தீதி. நாளைக்கு நீங்க ஜெயிச்சு, இதையே திருப்பிக் கொண்டு வருவீய. அப்பவும் நஹிதான்.” கைதட்டல் பாதியில் நின்றது. ஒரு மெம்பர் மட்டும் காது மந்தம், கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஜெசிந்தா அக்கா எழுந்து நடந்து போனார். அண்ணாச்சி பத்தடி பின்னால் போனார்.

மறுநாள் காலையில் நானே போய்க் கேட்டேன். அவரிடம் நான் முதன்முதலாகக் கேள்வி கேட்டது அன்றுதான். “அண்ணாச்சி, ராத்திரி சாப்பாடு கிடைச்சுதா?”

“ரசம். மீன் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

கருவாட்டுக் கூடையோடு வந்த ஜெசிந்தா அக்கா என்னைத் தனியே இழுத்தார். “அவரு மட்டும் நேத்து சரின்னு கை தூக்கியிருந்தாருன்னு வையி, எனக்கு ராத்திரி பூரா தூக்கமே வந்திருக்காது. இது யாரோ வேற ஆளுன்னு பயந்திருப்பேன்” என்றார். “அதுக்காக மீன் போட முடியுமா?”

தேர்தல் வந்தது. ராவ் கட்சி நாலாவது வார்டில் ஒரு டீச்சரம்மாவை நிறுத்தியது. ‘திருடர்களின் தோழர் வேண்டுமா, ஊரின் பாதுகாப்பு வேண்டுமா’ என்று நோட்டீசு. அண்ணாச்சி அதை வாசித்து, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தி, கொட்டகைக் கதவிலேயே ஒட்டிவைத்தார். பிரசாரத்துக்கு வீடு வீடாகப் போனார். போன இடத்தில் என்ன குழம்பு, மருமகளுக்கு எத்தனையாவது மாசம், ஆடு ஏன் நொண்டுகிறது என்றெல்லாம் கேட்டார். ஓட்டுக் கேட்க மட்டும் மறந்துவிடுவார். கூடப் போனவர்கள் ஞாபகப்படுத்தினால், தெருமுனை வரை வந்தவர் திரும்பிப் போய், “ஆங், ஓட்டு” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வருவார்.

பதினொரு ஓட்டில் தோற்றார். ராவ் பிரதான் ஆனார்.

மறுநாள் நாலாவது வார்டில் ஒருவரும் ஜெட்டிப் பக்கம் வரவில்லை. அந்தப் பதினொரு ஓட்டு யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க அண்ணாச்சிக்கு ஒரு காலைப்பொழுது போதும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் மளிகைக்கும் மீனுக்கும் வந்துதானே ஆக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அண்ணாச்சி எல்லாரையும் நிறுத்தினார். பையில் என்ன, பல்வலி தேவலையா, தங்கச்சி கப்பலில் வருகிறாளா விமானத்திலா என்று கேட்டார். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, அது ஒண்ணை மட்டும் நீங்க கேக்கவே இல்லையே?”

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அதைக் கேக்கக் கூடாதும்மா. கேட்டா அவியளுக்குச் சங்கடம்லா.”

கேள்வி கேட்பதை விடவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டார். திருட்டுப் போன மோட்டாரை எங்கேயாவது கொண்டுபோய் விற்றுத்தானே ஆக வேண்டும்? விற்றால் என்றைக்காவது ரிப்பேருக்கு வரத்தானே வேண்டும்? தீவுத் தீவாக மெக்கானிக்குகளைப் போனில் பிடித்தார். மாயாபந்தரில் ஒருவர், ஹேவ்லாக்கில் ஒருவர், ஹட் பேயில் ஒருவர். வணக்கம் சொல்லி, மூட்டுவலி கேட்டு, மகள் படிப்புக் கேட்டு, அதன் பிறகு மெதுவாக மோட்டார் நம்பர். ஹட் பே மெக்கானிக் இவர் போன் தொல்லை தாங்காமல், கொட்டகைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரையும் கவிழ்த்து நம்பர் பார்க்க ஆரம்பித்தார். ஆறாவது வாரம் இரண்டு மோட்டார் அகப்பட்டன. கப்பலில் கொண்டுபோய் விற்ற ஆளும் அகப்பட்டான். வெளியூர்க்காரன்.

கிடைத்த இரண்டும் அந்த மீன்காரர்கள் இருவருடையவை. அண்ணாச்சியின் மோட்டார் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இரண்டையும் அவரே பிரித்து, உப்பு சுரண்டி, புது பிளக் போட்டு ஓட்டிக்காட்டித்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முதலில் அந்த மீன்காரர்களில் ஒருவர் வந்தார். ஒரு ஸ்பானரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அண்ணாச்சி, நான் உங்களுக்குத்தான் போட்டேன்” என்றார்.

“தெரியும்டே” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் இரண்டு பேர். அதற்கு மறுநாள் ஒரு குடும்பமே வந்தது, பாட்டி உட்பட. கோகன் தாதா இரண்டு தடவை வந்து சொன்னார். டீச்சரம்மாவின் சொந்த நாத்தனார் வந்து சொன்னாள். ஒரு மாதத்துக்குள் அப்படி வந்து சொன்னவர்களை எண்ணிப் பார்த்தால், அண்ணாச்சிக்குக் கிடைத்த ஓட்டு நாலாவது வார்டின் மொத்த ஓட்டையும் தாண்டிவிட்டது. அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் “தெரியும், தெரியும்” என்றார். ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கேமரா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ராவ் பிரதான் ஆனதும் தீர்மானம் நிறைவேறியது. தீதி அன்றும் நிஜதா பற்றிக் கண்ணீரோடு பேசினார். பன்னிரண்டு கம்பம் கப்பலில் வந்து இறங்கி நட்டாயிற்று. கேமரா மட்டும் மெயின்லேண்டிலிருந்து இன்னும் வந்தபாடில்லை. ஜனங்கள் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். அண்ணாச்சிக்கு வாசிக்க நிறைய இருக்கிறது.

எனக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளக் கொட்டகைக்குப் போனேன். கப்பலா ஹெலிகாப்டரா, எந்த குவார்ட்டர்ஸ், தண்ணீர் எப்படி, அங்கே யார் தெரிந்தவர் என்று எல்லாம் கேட்டு முடித்தார். ஜெசிந்தா அக்கா ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்தார். அதைப் பையில் வைத்துவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினேன்.

“அண்ணாச்சி, நானும் உங்களுக்குத்தான் போட்டேன்.”

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். “தெரியாதாம்மா? உங்க ஒரு ஓட்டை நம்பித்தானே நான் நின்னதே” என்றார்.

என் ஓட்டு இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், போர்ட் பிளேரில். அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அன்று பஸ்ஸில் உட்கார்ந்து ஜெட்டி மறையும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனபோது, அவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறவள் போலத்தான் இருந்தது எனக்கு.